ம் கொட்டாத வேலை

நியூகாசில் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை காட்டத் தெரியாது. ஆனால் அந்த ஊர்க் கிழவி ஒருத்தி வீட்டில் கக்கூஸ் அடைத்துக்கொண்டால் போனில் என்ன சொல்லுவாள் என்று தெரியும். 'நெட்டி' என்பாள். வாசலெல்லாம் சேறு என்றால் 'கிளார்ட்டி'. குழந்தை 'பேர்ன்'. வீடு 'ஹயெம்'. இதையெல்லாம் தெரிந்துகொண்டு சித்தூரில் என்ன செய்வது? மளிகைக் கடையில் கேட்கவா முடியும்? கேட்டுக் கேட்டே வலது காது மந்தமாகிவிட்டது. அதுதான் மிச்சம்.

திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. அங்கேதான் முன்பு எனக்கு வேலை. இங்கிலாந்தின் வடக்கே, நியூகாசிலைச் சுற்றி, ஒரு கம்பெனிக்கு ஏகப்பட்ட வாடகை வீடுகள். அந்த வீடுகளில் குழாய் ஒழுகினாலும், ஹீட்டர் நின்றாலும், பூட்டு சிக்கிக்கொண்டாலும் போன் மணி எங்களுக்கு அடிக்கும். நாங்கள் புகாரை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அங்கே ஆள் போவான். அவர்களுக்குக் காலை விடியும்போது எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். ஜன்னலுக்குக் கீழே பாத யாத்திரைக் கூட்டம் 'கோவிந்தா' என்று போகும்போது, அங்கே இருக்கிறவர்கள் "என்னம்மா, அங்கே கல்யாணமா?" என்று கேட்பார்கள்.

இப்போது கம்ப்யூட்டரே போனை எடுத்துப் பேசுகிறதாம். மிச்சம் இருக்கிற பெண்கள் போன மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். "மேடம், அந்த ஊரு வார்த்தைங்கள எல்லாம் உங்க குரல்லயே பேசி அனுப்புங்க. கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்கணுமாம்." எனக்குத் தொண்டையும் இல்லை, தெம்பும் இல்லை என்று சொல்லிவிட்டேன். வார்த்தைதானே, எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். வார்த்தையே இல்லாத ஒன்றினால் எங்கள் ஆபீஸில் ஒரு பெண்ணின் பிழைப்பு ஊசலாடியது. சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் முதலில் இங்கிலீஷ் டீச்சர். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் இங்கிலீஷ் பைபிளைச் சத்தம் போட்டு வாசித்து வளர்ந்ததால், இங்கிலீஷ் என் வீட்டுச் சொத்து என்று ஒரு நினைப்பு. பள்ளிக்கூடம் மூடியபின் இந்த வேலைக்கு வந்தேன். பயிற்சி என்று சில வாரம் எதையோ போட்டுக் காட்டினார்கள். முதல் போனிலேயே என் சொத்து பறிபோனது. எதிரே ஒரு ஆள் பத்து நிமிஷம் பேசினார், எனக்கு 'குட் மார்னிங்' மட்டும் புரிந்தது.

பழகப் பழகத்தான் பிடிபட்டது. சில விஷயத்தில் அவர்கள் நம்மைப் போலத்தான். பெண்டாட்டியை இழந்து தனியாக இருக்கிற கிழவர்கூட அவளை 'என் பெண்டாட்டி' என்று சொல்ல மாட்டார், 'வோர் லாஸ்' என்பார், எங்க பொண்ணு என்று. 'எங்க வூட்ல' என்று நாம் சொல்லுகிறோமே, அதேதான். எதற்கெடுத்தாலும் 'மேன்' போடுவார்கள், பொம்பளையைப் பார்த்தும் 'மேன்' என்பார்கள். எங்கள் பக்கத்தில் அக்கா தங்கையே 'இன்னாபா' என்று பேசிக்கொள்ளும்போது நமக்கு என்ன ஆச்சரியம்? நம்ப முடியாததைச் சொன்னால் 'ஹாடவே மேன்' என்பார்கள். 'அட போய்யா' என்று அர்த்தம். கிளம்புகிறவரைப் பார்த்து 'கான் கேன்னி' என்பார்கள், பார்த்துப் பத்திரமாகப் போ என்று.

வளர்ப்பு நாய், பூனைக்குச் சொல்கிற 'பெட்' என்பதுதான் ஆரம்பத்தில் பெரிய ரகளை. கடைக்காரர், பஸ் டிரைவர், கிழவி எல்லாரும் எல்லாரையும் 'பெட்' என்பார்கள். நம் 'கண்ணு' மாதிரி. 'ஹின்னி' என்றும் சொல்வார்கள், அது இன்னும் கொஞ்சம் செல்லம். பாகாலாவிலிருந்து வந்த ஒரு பெண் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு அழுதாள். "என்ன பாத்து நாய்க்குட்டின்றாங்க மேடம். நான் இன்னா அவுங்க வூட்ல வளக்கறதா?"

அவளைச் சமாதானம் பண்ணியது பிரசாத் சார். அவர்தான் எங்கள் மேனேஜர், தெலுங்குக்காரர், திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்தவர். திட்டுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. ஒரு நாற்காலியை இழுத்து வந்து நம் பக்கத்தில் போடுவார், ஆனால் அதில் உட்கார மாட்டார். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாக்கெட்டிலிருந்து வறுத்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தோலை ஊதிவிட்டு மெல்லுவார். தப்பு நடந்த போனின் பதிவை முதலிலிருந்து போடுவார். நாம் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "மொதல்ல வினண்டி மேடம். அப்புறம் மாட்லாடலாம்" என்பார். கேளுங்கள், பிறகு பேசலாம். அவ்வளவுதான் அவருடைய கோபம். எப்படித்தான் முடிந்ததோ, எனக்கானால் ரத்தம் கொதிக்கும்.

அன்றைக்கு அந்தப் பாகாலாப் பெண்ணிடம், ஒரு கிழவர் அழுதுகொண்டே பேசிய பழைய பதிவு ஒன்றைப் போட்டார். கிழவர் நாலு வார்த்தைக்கு ஒரு 'பெட்' போட்டிருந்தார். கேட்டு முடித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாவம் சார், நம்ம தாத்தா மாதிரி கீறாரு" என்றாள். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

கொஞ்ச வருஷத்தில் என்னைத் தரம் பார்க்கிற வேலையில் போட்டார்கள். ஒவ்வொரு பெண்ணும் பேசிய போன்களில் சிலதை எடுத்து முழுதாகக் கேட்டு மார்க் போட வேண்டும். போன் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் முகவரி. அப்புறம் கேஸ் வாசனை அடிக்கிறதா, தண்ணீர் கரண்டில் படுகிறதா, வீட்டில் வயசானவர், கைக்குழந்தை உண்டா. பிறகு புகாரை வாங்கி, திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். ஆள் வருகிற நாளைக் கம்ப்யூட்டர் சொல்லும். அதை மட்டும்தான் சொல்லலாம். நம் இஷ்டத்துக்கு 'சீக்கிரம் வருவாங்க' என்று ஒரு சொல் சேர்த்தால் வேலை போய்விடும். பொய் வாக்குக் கொடுத்ததாகக் கணக்கு.

நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு ஒழுகலையும் அடைப்பையும் கேட்டுக்கொண்டிருப்பது சாதாரண அலுப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தூர் வந்து சபைக் கோயிலில் உட்கார்ந்தால் பாதிரி ஐயர் பிரசங்கத்துக்கும் மனசு தானாக மார்க் போடும்.

சுகுணா நகரியிலிருந்து வந்தவள். அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர். அவளுக்கு நல்ல குரல், தெளிவான இங்கிலீஷ், கை கம்ப்யூட்டரில் பறக்கும். வந்த புதிதிலேயே தன் கதையைப் படிக்கட்டில் வைத்து என்னிடம் சொன்னாள்.

"எங்க நைனா சோறு துன்னுக்கினே பேசுவாரு மேடம். மாமா இப்டி சொன்னாரு, சொந்தமா தறி போடப் போறாரு, உன்ன நல்லா வச்சிக்குவாருன்னு சொல்லிக்கினே போனாரு. நான் ம், ம்முனு கேட்டுக்கினு இருந்தன். காலைல பாத்தா, 'பொண்ணு ம்முனு சொல்லிடுச்சு'ன்னு மாமா வூட்டுக்கு ஆள் அனுப்பிட்டாரு."

தாய்மாமனுக்குக் கொடுப்பது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். இவளுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. அழுது, பட்டினி கிடந்து, கடைசியில் அப்பாவிடம் ஒரு உடன்படிக்கைக்கு வந்திருந்தாள். திருப்பதியில் வேலை இருக்கிறவரை கல்யாணப் பேச்சு இல்லை. வேலை போனால் அடுத்த வண்டியிலேயே நகரிக்கு வந்துவிட வேண்டும். அதனால் அந்தப் பெண் வேலையை உயிர்போலப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே நல்ல குளிர்காலம், ஒரு திங்கட்கிழமை. மேவிஸ் என்று ஒரு கிழவி, மாடி வீட்டில் தனியாக இருப்பவள், ஹீட்டர் நின்றுவிட்டது என்று போன் செய்தாள். எடுத்தது சுகுணா. எல்லாக் கேள்வியும் முறைப்படி கேட்டாள். படுக்கையறையில் குளிர்காயச் சின்னதாகக் கரண்ட் அடுப்பு ஒன்று எரிகிறது என்று கிழவி சொன்னதால், கம்ப்யூட்டர் அதை அவசரம் இல்லை என்று எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை போட்டது. சுகுணா வியாழக்கிழமை என்று தெளிவாகத்தான் சொன்னாள். அதோடு வைத்திருக்கலாம். கிழவிக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. செத்துப்போன புருஷன், அவர் உட்கார்ந்த நாற்காலி, படியேற முடியாத முட்டி என்று பேசிக்கொண்டே போனாள். சுகுணா புகாரைத் தட்டிக்கொண்டே, "எஸ் மேடம், ம், எஸ், எஸ்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சின் நடுவிலேயே கிழவி, "அப்போ 'த மோர்ன்' ஆள் வந்துடுவான், இல்லையா ஹின்னி? கீழே அழைப்பு மணி வேலை செய்யல. நான் போய் வாசல்கிட்ட உக்காந்துக்கறேன்" என்றாள்.

'த மோர்ன்' என்றால் நாளைக்கு. எங்கள் ஆபீஸில் கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். சுகுணா தட்டிக்கொண்டே, "எஸ் மேடம், எஸ்" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து அந்தக் கிழவி கோட்டை மாட்டிக்கொண்டு, தெருக்கதவைத் திறந்து வைத்து, கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். இருட்டுகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அவளுடைய மகள் கம்பெனியில் புகார் கொடுத்துவிட்டாள். வாக்குக் கொடுத்து ஏமாற்றினார்கள் என்று.

பிரசாத் சார் நாற்காலியை இழுத்து வந்தார். நான் ஒரு பக்கம், சுகுணா ஒரு பக்கம். பதிவைப் போட்டார். கிழவி படியில் உட்காரப் போகிறேன் என்கிற இடம் வந்ததும் சுகுணா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கையில் எடுத்த வேர்க்கடலையைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுவிட்டார்.

"நான் வர்றாங்கன்னு சொல்லல சார்," என்றாள் சுகுணா. "கேட்டுக்கினு கீறேன்னுதான் சொன்னேன். வயசானவங்க பேசிக்கினு கீறப்ப சும்மா குந்திக்கினு இருந்தா மரியாதயா? செவுரு மாதிரி இருக்க முடியுமா?"

அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் பேசும்போது எதிரில் இருக்கிறவர் ம் கொட்டாவிட்டால் பேசுகிறவர் நிறுத்திவிடுவார். 'கேக்கறியா இல்லியா?' என்று கோபம் வரும். இங்கிலீஷ் பேசினாலும் அந்தப் பழக்கம் போகாது. ம் போய் எஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அந்தத் தளத்தில் இருந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் பேசினார்கள். நான் இத்தனை நாளாகக் கேட்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன், எனக்கும் அது காதில் உறுத்தவே இல்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே!

அந்தக் கம்பெனியில் எங்களைக் கவனித்துக்கொள்கிற அம்மாள் பெயர் ஜூலி. அவளும் நியூகாசில்காரிதான். மறுநாள் சாயங்காலம் ஸ்பீக்கர் போனில் விசாரணை வைத்தாள். அந்தப் பெண்ணை எடுத்துவிடுங்கள் என்றுதான் ஆரம்பித்தாள். பிரசாத் சார் வாதாடவில்லை. பதிவை முழுசாக ஒருமுறை போடட்டுமா என்று மட்டும் அனுமதி கேட்டார்.

ஜூலி கேட்டாள். என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்கிறாள் கிழவி, எஸ் மேடம் என்கிறாள் சுகுணா. இன்னும் டீகூடக் குடிக்கவில்லை என்கிறாள், எஸ் எஸ். முட்டி செத்துப்போச்சு என்கிறாள், எஸ் மேடம். முடிந்ததும் ஜூலி, "இந்தப் பெண் எதையுமே காதில் வாங்கவில்லையே" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காதில் வாங்குகிறாள் என்பதற்குத்தான் அது அடையாளம் என்று விளக்கினேன். எங்கள் வீடுகளில் கதை சொன்னாலும், சண்டை போட்டாலும், சாவு செய்தி சொன்னாலும் கேட்கிறவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அது சம்மதம் இல்லை, 'நான் இருக்கிறேன்' என்பதுதான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். நான் பேசி முடிக்கிறவரைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ம் கூட வரவில்லை. இருக்கிறாளா, வைத்துவிட்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

பிறகு ஜூலி கேட்டாள். கோபமாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அப்படியென்றால், உண்மையிலேயே சம்மதம் என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்கும் ம் தானே சொல்கிறோம். சுகுணா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, குனிந்துகொண்டேன்.

ஜூலி கல்நெஞ்சக்காரி இல்லை. ஒரு மாதம் தவணை கொடுத்தாள். சுகுணா பேசுகிற ஒவ்வொரு போனையும் நான் கேட்க வேண்டும். வாக்குக் கொடுக்கிற இடம் தவிர வேறெங்காவது ஒரு எஸ், ஒரு ஓகே, ஒரு ம் வந்தால் அன்றைக்கே கணக்கு முடிந்தது. அதோடு, சுகுணாவே அந்த மேவிஸிடம் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கேட்டாள். எழுதி வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம், உன் வாயால் சொல் என்றார் பிரசாத் சார். "ஆள் வருவாங்கன்னு நான் சொல்லவில்லை மேடம், ஆனால் நீங்கள் அப்படி நினைக்கும்படி பேசிவிட்டேன்" என்று சுகுணா இங்கிலீஷில் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. கிழவி இருமிக்கொண்டே, "டிவ்வன்ட் ஃப்ரெட், பெட்" என்றாள். கவலைப்படாதே கண்ணு. அப்புறம், "ஆனா இன்னொரு கெழவிகிட்ட இப்படிப் பண்ணிடாத, ஹின்னி" என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

ம் கொட்டாமல் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால் தெரியும். முதல் வாரம் சுகுணா வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இன்னொரு ஹெட்போனோடு இருந்தேன். எதிரே கிழவர் கிழவிகள் நோவையும் நொடியையும் சொல்லும்போது இவள் தொண்டை ஏறி இறங்குவது எனக்குத் தெரியும். ம் மேலே வரும், விழுங்குவாள். கண்ணில் தண்ணீர் நிற்கும். போனில் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, "இருக்கியா பெட்?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு பதிலைத்தான் அனுமதித்திருந்தோம். 'ஐ ஆம் ஹியர். ஐ ஆம் லிசனிங்.' இருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத் திரும்ப மௌனம்.

"பேய் பிடிச்ச மாதிரி இருக்குது மேடம்," என்றாள் ஒருநாள். "ஹாஸ்டல்ல பொண்ணுங்க பேசுனா கூட வாய மூடிக்கினு பாக்கறேன். திமிர் புடிச்சவன்றாளுங்க."

எனக்கும் அப்படித்தான் ஆனது. சித்தூரில் என் அக்கா குடும்பக் கதை பேசும்போது நான் பொம்மை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்கு என்மேல் வருத்தம். என்ன வேலையடா இது, வயிற்றுப்பிழைப்புக்கு மனுஷ சுபாவத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று சலிப்பாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. அவளும் விடவில்லை. மாதம் முடிந்தபோது அவள் போன்களில் ஒரு குறைகூட இல்லை. ஜூலி 'சாம்பியன்' என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினாள். அங்கே பிரமாதம் என்பதற்கு அப்படிச் சொல்வார்கள்.

வேலை நிலைத்தது. பெண் பிழைத்தாள் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்ட சில நாளிலேயே அவள் அப்பா வந்து நின்றார். மெலிந்த மனிதர், வெளுத்த சட்டை, கையில் ஒரு துணிப்பை. மாமன் இனிமேல் காத்திருக்க மாட்டானாம், தை மாதத்தில் முடித்துவிட வேண்டுமாம். உடன்படிக்கை என்ன ஆயிற்று என்றால் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கட்டும் என்று என்னையும் கேண்டீனில் உட்காரச் சொன்னார்.

டீ வந்தது. அவர் மகளிடம் பேச ஆரம்பித்தார். கெட்ட மனிதர் இல்லை, பாசமாகத்தான் பேசினார்.

"உங்க மாமா ரெண்டு தறி போட்டுட்டாரும்மா..." என்று நிறுத்தினார்.

சுகுணா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊடு கூட மேல எடுத்துக் கட்டறாரு..." மறுபடி நிறுத்தினார். அந்த இடைவெளி எதற்கு என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு ம் விழ வேண்டும். விழவில்லை.

"எனக்கும் வயசாயிக்கினே போவுது. உனுக்கு ஒரு வழி பண்ணிட்டா..."

ஒன்றும் இல்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டாள்.

அவருக்குப் பேச்சு தடுமாற ஆரம்பித்தது. என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கம்மா, நான் சொல்றது நாயந்தான?" என்றார். பழக்கதோஷத்தில் எனக்கு ம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இன்னாமே," என்றார் மகளிடம். "நான் பாட்டுக்குப் பேசிக்கினு கீறேன். ம்முனு கூட சொல்ல மாட்டேன்ற?"

"கேட்டுக்கினுதான் கீறேன் நைனா. சொல்லு," என்றாள் சுகுணா.

அவர் இன்னும் இரண்டு மூன்று வாக்கியம் முயன்று பார்த்தார். தறி, மாமன், தை மாதம் என்று சொன்னதையே சொன்னார். ஒவ்வொன்றும் பாதியில் நின்றது. கடைசியில் டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுத் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மகளையே பார்த்தார். கோபம் இல்லை. இந்தப் பெண் யார் என்று புதிதாகப் பார்ப்பது போல இருந்தது.

"மாமனுக்கு நான் போய் இன்னான்னு சொல்றது?" என்று கேட்டார்.

"பொண்ணு ம்முனு சொல்லலன்னு சொல்லு நைனா."